கிஃப்ட் கார்டுக்கு ஒரு குட்டி பனியன்: தீபாவளிக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

2025 தீபாவளி அக்டோபர் 20-ல வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனி ஓனர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்காங்க: "ஸ்வீட் பாக்ஸுக்குப் பதிலா இந்த முறை கிஃப்ட் கார்டு கொடுக்கலாம்னு இருக்கோம். வெறும் கவர்ல கொடுத்தா நல்லா இருக்காது. வித்தியாசமா ஒரு ஹோல்டர் செய்யலாமா? வரி ஏதாச்சும் வருமா?"

செய்யலாம். ஆனா ஹோல்டரோட வேலை அழகு மட்டும் இல்ல. உள்ள இருக்கிற பணம் முழுசா செலவாகணும். அதை மனசுல வச்சு டிசைன் பண்ணினா பத்து பதினைஞ்சு ரூபாய் ஹோல்டரே போதும்.

முதல்ல ஒரு எச்சரிக்கை: கார்டு வேற, போனஸ் வேற

2025 தீபாவளி சமயத்துல அமல்ல இருந்த போனஸ் சட்டம் 1965-ன் படி, மாசம் 21,000 ரூபாய் வரைக்கும் சம்பளம் வாங்குற தகுதியான தொழிலாளிக்குக் குறைஞ்சது 8.33% போனஸ் இருந்தது. அதிகபட்சம் 20%. அதை ரொக்கமா கொடுக்கணும்னு அந்தச் சட்டத்தோட பிரிவு 19 சொல்லிச்சு. "இந்த வருஷம் போனஸுக்குப் பதிலா கார்டு" என்பது செல்லாது. போனஸைக் கொடுத்துட்டு, அதுக்கு மேல அன்பா கொடுக்கிறதுதான் கார்டு. இதுல தெளிவா இருந்தா மேல படிங்க.

பணம் எங்கே காணாமப் போகுது?

கிஃப்ட் கார்டு வாங்கிட்டு, பயன்படுத்தாமலே விட்டுடற பணத்துக்குக் கணக்குப் பாஷையில "பிரேக்கேஜ்"னு பேரு. எங்க அக்கவுண்டிங் விதி இண்ட் ஏஎஸ் 115-ல, அந்தப் பணத்தைக் கார்டு வித்த கம்பெனி எப்படி வருமானமா காட்டணும்னே வழி சொல்லியிருக்கு. அதாவது உங்க தொழிலாளி மறந்த 300 ரூபாய் இன்னொருத்தருக்கு வருமானம். அமெரிக்காவுல 2009-ல சட்டமே போட்டு, கிஃப்ட் கார்டு பணம் குறைஞ்சது 5 வருஷம் செல்லணும்னு ஆக்கினாங்க.

நம்ம ஊர்ல? வங்கிகள் கொடுக்கிற, பல கடைகள்ல செல்லுற கிஃப்ட் கார்டுக்கு ரிசர்வ் வங்கியோட 2021 விதிகள் பொருந்தும். ஒரு கார்டு அதிகபட்சம் 10,000 ரூபாய், திரும்ப ரீசார்ஜ் பண்ண முடியாது, ஏடிஎம்ல பணமா எடுக்க முடியாது, குறைஞ்சது ஒரு வருஷம் செல்லணும். ஒரே கடையில மட்டும் செல்லுற கார்டு இந்த விதிக்குள்ள வராது. அதுக்குக் கடைக்காரர் போட்ட தேதிதான் சட்டம். வாங்கறதுக்கு முன்னாடியே அந்தத் தேதியைக் கேளுங்க.

இன்னொண்ணு, உங்க பவர் டேபிள்ல ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் எத்தனை பேர் இருக்காங்க? திருப்பூர்ல மட்டும் கிளை இருக்கிற கடை கார்டை, அவங்க ஊருக்கு ரயில் ஏறுற அன்னிக்குக் கையில கொடுத்தா என்ன பிரயோஜனம்? அவங்க ஊர்லயும் செல்லுற கார்டா வாங்குங்க. இல்லன்னா கிளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடியே கொடுத்துடுங்க.

ஹோல்டர்: கை இல்லாத குட்டி பனியன்

பனியன் ஊர்ல பேப்பர் பாக்ஸ் எதுக்குங்க? கட்டிங் வேஸ்ட்லயே ஒரு குட்டி பனியன் தைக்கலாம்.

* கார்டு அளவு: பிளாஸ்டிக் கார்டு எல்லாம் ஐஎஸ்ஓ 7810 அளவுதான். 85.60 மி.மீ. நீளம், 53.98 மி.மீ. அகலம், 0.76 மி.மீ. தடிமன். ஏடிஎம் கார்டும் இதே அளவு, அதை வச்சே மாதிரி பார்த்துக்கலாம்.
* வெட்டு: கார்டு நிமிர்ந்து நிக்கிற மாதிரி வைங்க. உள் அகலம் 6.5 செ.மீ., கழுத்துல இருந்து அடி வரைக்கும் 7.5 செ.மீ., கழுத்துத் திறப்பு 6 செ.மீ. கார்டு மேல ஒரு செ.மீ. வெளியே தெரியும், பிடிச்சு இழுக்க வசதி. ஓவர்லாக் தையலுக்குப் பக்கத்துக்கு 0.7 செ.மீ. சேர்த்து, சுமார் 8 செ.மீ. அகலத்துல வெட்டச் சொல்லுங்க.
* துணி: சிங்கிள் ஜெர்சி வெட்டின ஓரம் சுருண்டுக்கும். இன்டர்லாக் துணி அவ்வளவா சுருளாது, அதனால கை ஓட்டைக்குப் பட்டி அடிக்கற வேலை மிச்சம். ரிப் துணி நல்லா இழுபடும், அளவைக் கொஞ்சம் இறுக்கமா வைக்கணும்.
* எது எந்தப் பக்கம்: கார்டு நம்பரும் பின் நம்பரும் துணிக்குள்ள மறைஞ்சு இருக்கணும். அழகுக்குன்னு முன்னாடி ஜன்னல் வெட்டாதீங்க. கையில வாங்கினதும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவாங்க. நம்பர் தெரிஞ்சா பணம் போச்சு.

முக்கியமான பகுதி: லேபிள்

பனியன்ல வாஷ் கேர் லேபிள் தைக்கிறோம்ல? அதே சாட்டின் டேப்புல, துவைக்கிற குறிப்புக்குப் பதிலா நாலு வரி அச்சடிச்சு, பக்கத் தையல்ல வச்சுத் தைச்சுடுங்க:

1. தொகை, கடைசித் தேதி
2. எங்கெல்லாம் செல்லும்
3. மீதி பார்க்கக் கூப்பிட வேண்டிய நம்பர்
4. "பின் நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்க"

தமிழ்லயும் இந்தியிலயும் போடுங்க. ஒடிசா ஆட்கள் நிறைய இருந்தா ஒடியாவையும் சேர்த்துக்கோங்க. கார்டு நம்பரை மட்டும் லேபிள்ல அச்சடிக்கவே கூடாது. கவரைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. குட்டி பனியனைத் தூக்கிப் போட மனசு வராது, சாவிக்கொத்துல தொங்கும். தேதியும் கண்ணு முன்னாடியே இருக்கும்.

செலவுக் கணக்கு

உதாரணத்துக்கு 200 பேர். துணி வேஸ்ட், தையல் கூலி, லேபிள் எல்லாம் சேர்த்து ஒண்ணுக்கு 15 ரூபாய்னு வச்சா 3,000 ரூபாய். கடையில 60 ரூபாய் கிஃப்ட் பாக்ஸ் வாங்கினா 12,000 ரூபாய். மிச்சம் 9,000 ரூபாய். அதை ஆளுக்கு 45 ரூபாயா கார்டுலயே ஏத்திடலாமே!

வரிப் பக்கம்

*வருமான வரி:* 2025–26 நிதியாண்டுல முதலாளி கொடுக்கிற பரிசு, வவுச்சர் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்குக் கீழ இருந்தா, ஊழியர் கையில வரி இல்லாம இருந்தது. "வருஷத்துக்கு"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. தீபாவளியும் ஜனவரியில வர்ற பொங்கலும் ஒரே நிதியாண்டு. தீபாவளிக்கு 4,000 ரூபாய் கார்டு, 15 ரூபாய் ஹோல்டர், பொங்கலுக்கு 1,000 ரூபாய் பரிசுன்னா மொத்தம் 5,015, வரம்பு தாண்டிடுச்சு. ஹோல்டர் செலவையும் பரிசோட சேர்த்தே கணக்குப் பாருங்க, அதுதான் பாதுகாப்பு. தையல் தொழிலாளிக்கு வருமானமே வரி வரம்புக்குள்ள வராதுங்கறதால பெரிய பாதிப்பு இல்ல. மெர்ச்சண்டைசர், மேனேஜர் சம்பளத்துல இது தெரியும். பணமா கொடுத்தா இந்தச் சலுகையே கிடையாது, முழுசும் சம்பளம்தான்.

*ஜிஎஸ்டி:* வவுச்சரை வாங்கறதும் விக்கறதும் பொருளும் இல்ல, சேவையும் இல்லன்னு 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கை தெளிவா சொல்லிடுச்சு. அதனால கார்டோட முக மதிப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஏஜென்ட் தனியா சர்வீஸ் சார்ஜ் போட்டா அதுக்கு மட்டும் உண்டு. பரிசா கொடுத்த பொருளுக்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, பிரிவு 17(5) தடுக்குது. லேபிள், ரிப்பன் பில்லை மறந்து கிரெடிட்ல சேர்த்துடாதீங்க.

*ஜாப் ஒர்க்காரர், டீலருக்கு:* 2025–26 நிதியாண்டுல ஒருத்தருக்குக் கொடுத்த பரிசும் சலுகையும் 20,000 ரூபாயைத் தாண்டியிருந்தா, அப்போ அமல்ல இருந்த பிரிவு 194ஆர்-ல 10% டிடிஎஸ் வருதான்னு உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

இந்த வாரமே செய்ய வேண்டியது

கார்டு வாங்கறதுக்கு முன்னாடி கடைசித் தேதியும் செல்லுற இடமும் கேளுங்க. யாருக்கு எவ்வளவு கொடுத்தீங்கன்னு ஒரு ரிஜிஸ்டர் போட்டுக் கையெழுத்து வாங்குங்க, பொங்கலுக்கு அதே பக்கத்துல தொடரலாம். பேட்டர்ன் மாஸ்டர்கிட்ட சொல்லி ஒரே ஒரு மாதிரி பீஸ் தைச்சு, ஏடிஎம் கார்டை உள்ள போட்டு, தலைகீழா உதறிப் பாருங்க. கார்டு விழலைன்னா மீதி 199-ஐத் தைக்கக் கொடுத்துடலாம்.

இந்தக் கணக்கை எக்செல் ஷீட்டோட வீடியோவுல விளக்கியிருக்கேன். சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க.