மாடி ரவுட்டருக்கு வழி சொல்வது யார்?

இணைய நிறுவனம் மாட்டிக் கொடுத்த ரவுட்டர் கீழே இருக்கிறது. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கிவந்த இன்னொன்று மேலே. மாடியில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் கீழேயிருக்கும் கணினியிலிருந்து மாடி பிரிண்டருக்கு ஒரு பக்கம்கூடப் போவதில்லை. பலர் பிரிண்டரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் வழித்தடப் பட்டியலில்.

எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்ற பட்டியல் ஒவ்வொரு ரவுட்டரிலும் உண்டு. தன்னோடு நேரடியாக இணைந்த நெட்வொர்க்கை அது தானே எழுதிக்கொள்ளும். மற்ற எல்லாவற்றுக்கும் 'டீஃபால்ட் ரூட்' என்ற ஒரே வரி. இணைப்பு கிடைத்ததும் டிஎச்சிபி அல்லது பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை மூலம் அது தானாக அமைந்துவிடும். அதில் கைவைக்காதீர்கள். நிறுவனம் தன் பக்கத்தில் முகவரியை மாற்றினால் தானாக வந்த வரியும் மாறிக்கொள்ளும். நாம் எழுதியது மாறாது, இணையம் நின்றுபோகும்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. கீழே 192.168.1.0, மாடியில் 192.168.2.0 என்று வைத்துக்கொள்வோம். மாடியில் ஒரு நெட்வொர்க் இருப்பதே கீழ் ரவுட்டருக்குத் தெரியாது. பிரிண்டருக்கான பாக்கெட்டையும் டீஃபால்ட் ரூட்டில் வெளியே தள்ளிவிடும். 192.168 என்று தொடங்குபவை தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள். வெளி இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது.

இங்கே ஒரு வரியைக் கையால் எழுதத்தான் வேண்டும். கீழ் ரவுட்டரின் 'ஸ்டேட்டிக் ரூட்' பக்கத்தில் சேருமிடம் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே மாடி ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, உதாரணமாக 192.168.1.2. அந்த முகவரி மாறாதபடி டிஎச்சிபி ரிசர்வேஷன் செய்துவிடுங்கள். மாடி ரவுட்டரின் ஃபயர்வாலும் கீழிருந்து வருவதை அனுமதிக்க வேண்டும். சில நிறுவனங்கள் தரும் ரவுட்டர்களில் இந்த ஸ்டேட்டிக் ரூட் பக்கமே மறைக்கப்பட்டிருக்கிறது. இது சரியல்ல. வீட்டுக்குள் எது எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரருடையது.

ரவுட்டர்களே ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. 1988-ல் வரையறுக்கப்பட்ட 'ரிப்' என்ற நெறிமுறையில் ஒவ்வொரு ரவுட்டரும் 30 வினாடிக்கு ஒருமுறை தன் பட்டியலை அறிவிக்கும். அதன் முதல் பதிப்பில் சொல்வது யார் என்று சரிபார்க்கும் வசதியே இல்லை. இரண்டு ரவுட்டர் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்; அணைத்தே வையுங்கள்.

உண்மையில், பெரும்பாலான குடும்பங்களுக்கு மாடி ரவுட்டரை 'அக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினாலே போதும். இரண்டாவது நெட்வொர்க்கே இருக்காது, வழியும் எழுத வேண்டாம். கேமராக்களையோ அலுவலகக் கணினியையோ தனியே பிரித்துவைக்க விரும்புவோருக்குத்தான் ஸ்டேட்டிக் ரூட். எழுதியவர்கள் அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்து ரவுட்டரின் அடியில் ஒட்டிவையுங்கள். ரீசெட் பட்டனை அழுத்தினால் அந்த வரியும் அழிந்துவிடும்.