அச்சமும் இதய நோயும்

தமிழில் 'நெஞ்சு' என்னும் சொல் உள்ளத்தையும் குறிக்கும், மார்பையும் குறிக்கும். உள்ளத்தில் எழும் அச்சம் மார்பில் துடிப்பாகப் புலப்படுதலின், இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியது பொருத்தமே. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். இவ்வச்சத்தின் அடையாளங்களையும் இதய நோயின் அடையாளங்களையும் பகுத்தறிதல் உயிர் காக்கும் அறிவாகும்.

சங்கரன்கோவிலில் ஆண்டுதோறும் ஆடித்தபசு விழா நடைபெறும். கோமதியம்மன் தவத்திற்கு இரங்கிச் சங்கரநாராயணர் அளிக்கும் காட்சியைக் காண மக்கள் வெள்ளமெனத் திரள்வர். அந்நெரிசலில் இருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் கல்லூரி மாணவர். மற்றவர் ஐம்பது வயதைக் கடந்த நெசவாளர். இருவர்க்கும் வியர்வை பெருகுகிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. தோற்றம் ஒன்றாயினும் காரணம் வேறாக இருக்கலாம்.

அச்சம் தோன்றியவுடன் உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியில் சேர்க்கின்றன. அதனால் இதயம் விரைந்து துடிக்கிறது. மூச்சு அளவின்றி மிகும்போது குருதியிலுள்ள கரியமில வாயு குறைகிறது, விரல்களும் உதடுகளும் மரக்கின்றன, தலை சுற்றுகிறது. இறந்துவிடுவோமோ என்னும் கலக்கமும் உண்டாகும். இந்நிலை பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சமடைந்து, பின்னர்ச் சிறிது சிறிதாகத் தணியும்.

மாரடைப்போ இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதால் நேர்வது. பெரும்பாலும் மார்பின் நடுவே பாறையை ஏற்றினாற்போன்ற அழுத்தம் தோன்றும். அது தோள், இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவலாம். குளிர்ந்த வியர்வையும் குமட்டலும் உடன் வரலாம். மாரடைப்பு நேர்வதற்கு முன்னரே சிலர்க்கு நடக்கும்போதும் படியேறும்போதும் நெஞ்சில் இறுக்கம் தோன்றி, ஓய்வெடுத்தவுடன் தணிதல் உண்டு. அதனையும் புறக்கணித்தல் ஆகாது.

எனினும் இவ்வேறுபாடுகளை மட்டும் நம்பி ஒருவர் தாமே முடிவு செய்தல் தவறு. பெண்டிர், முதியோர், நீரிழிவு உடையோர் ஆகியோருள் சிலர்க்கு வலியே இன்றி, மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டும் தோன்றும். இளையோர்க்கும் மாரடைப்பு நேர்தல் உண்டு. இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் இ.சி.ஜி. கருவியும் குருதிச் சோதனையுமே ஐயத்தைத் தீர்க்கும். இக்கருவியின் இயக்கத்தைக் கண்டறிந்த ஐந்தோவன் 1924-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். முதற்படத்தில் பழுது தெரியாவிடினும் மருத்துவர் மீண்டும் சோதிப்பதுண்டு.

சோதனையில் இதயம் நலமாயுள்ளது எனத் தெரிந்தால், நோயாளியை நடிப்பவர் என இகழலாமோ? ஆகாது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர் பலர் படபடப்பாலும் நெஞ்சுவலியாலும் வருந்தினர். டா காஸ்டா என்னும் மருத்துவர் அவர்களை ஆராய்ந்து 1871-இல் கட்டுரை வெளியிட்டார். பலருடைய இதயத்தில் பழுது காணப்படவில்லை. ஆனால் அவர்கள் உற்ற துன்பம் மெய்யே. அச்ச நோய்க்கும் மருத்துவம் உண்டு. மெல்ல மூச்சை இழுத்து, அதனினும் மெல்ல விடுதல் அப்பொழுதைய கலக்கத்தைத் தணிக்கும். 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்.

ஆதலின் நெரிசலில் அமர்ந்த இருவரையும் காற்றோட்டமான இடத்தில் இருத்தி, 108 ஊர்தியை அழைத்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்புதலே முறை. மாணவர்க்கு அச்சம்தான் என்றும், நெசவாளர்க்கு வாயுத் தொல்லைதான் என்றும் அருகிலிருப்போர் தீர்ப்புக் கூறுதல் தகாது. அச்சத்தை நோயென மயங்கினால் சில மணி நேரமே வீணாகும். நோயை அச்சமென மயங்கினால் உயிரே போகும்.