கேலக்ஸியைத் தாண்டிப் பாயும் தாரைகள்

சிக்னஸ் விண்மீன் குழுவின் திசையில், சுமார் 75 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கேலக்ஸி இருக்கிறது. பெரிய தொலைநோக்கியிலும் மங்கலான திட்டாகத்தான் தெரியும். ரேடியோ அலைகளில் பார்த்தாலோ, வானத்திலேயே மிகப் பிரகாசமான பொருள்களில் அதுவும் ஒன்று. அதன் பெயர் சிக்னஸ் ஏ.

1953-இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தில் ரோஜர் ஜெனிசனும் இந்தியரான மிருணாள் தாஸ்குப்தாவும் இதை அளந்தார்கள். கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. ரேடியோ அலைகளில் பெரும்பகுதி கேலக்ஸியிலிருந்து வரவில்லை; அதற்கு இருபுறமும், ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும் இடங்களிலிருந்து வந்தது. இரண்டு கேலக்ஸிகள் மோதுகின்றன என்று வானியலாளர் வால்டர் பாடே அந்நாளில் விளக்கம் தந்திருந்தார். மோதல் என்றால் நடுவில்தானே பிரகாசம் இருக்க வேண்டும்? அந்த விளக்கம் நிலைக்கவில்லை.

காரணம் கேலக்ஸியின் மையத்தில் இருக்கிறது. சூரியனைப்போல் சுமார் 250 கோடி மடங்கு நிறைகொண்ட கருந்துளை அங்கே உள்ளது. அதை நோக்கி வரும் வாயு நேராக விழுந்துவிடுவதில்லை. வட்டாகச் சுழன்று, உராய்ந்து, கடுமையாகச் சூடேறுகிறது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் பிணையும்போது நிறையில் 0.7 சதவீதமே ஆற்றலாகிறது. இங்கே சுமார் 10 சதவீதம் ஆகலாம். இப்படி எரியும் மையத்தையே செயல்படும் கேலக்ஸிக் கரு என்கிறார்கள்.

சுழற்சியில் முறுக்கேறிய காந்தப்புலம், அச்சின் இருபுறமும் மின்னூட்டத் துகள்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் தாரைகளாகப் பீய்ச்சுகிறது. கருந்துளைக்குள் போனது எதுவும் திரும்பி வருவதில்லை. தாரையில் வருவது உள்ளே விழாமல் தப்பிய பொருள். குழாய்த் தண்ணீர் சுவரில் மோதிப் பரவுவதுபோல, தாரைகள் தொலைவிலுள்ள வாயுவில் மோதி இரு பெரும் மடல்களாக விரிகின்றன. எலக்ட்ரான்கள் அங்கே காந்தப்புலத்தில் சுருண்டு ஓடும்போது எழுவதே ரேடியோ அலை. ஒரு மடலின் முனையிலிருந்து மறு மடலின் முனைக்கு 4 லட்சம் ஒளியாண்டுக்கும் மேல். நம் பால்வீதியைப் போல நான்கு மடங்கு. மையத்தையும் மடலையும் இணைக்கும் மெல்லிய தாரையை 1984-இல்தான் அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி தெளிவாகக் காட்டியது.

இது வெறும் வாணவேடிக்கை அன்று. சிக்னஸ் ஏ-யைச் சூழ்ந்த வெப்ப வாயுவைத் தாரைகள் தள்ளிக் குடைந்திருப்பதை சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் படங்களில் காணலாம். வாயு குளிர்ந்தால்தான் புது விண்மீன்கள் பிறக்கும். தாரைகள் அதைக் குளிரவிடுவதில்லை. பெரிய கேலக்ஸிகள் மேலும் மேலும் வளராமல் நிற்பதற்கு, அவற்றின் நடுவிலுள்ள கருந்துளையே ஒரு முக்கியக் காரணம்.