நாணயம் சுண்டி நிறமிட்ட தரை

2010-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உலகக் கணித அறிஞர்களின் மாநாடு ஹைதராபாத் நகரிலே கூடிற்று. பாரத நாட்டில் அம்மாநாடு நடைபெற்றது அதுவே முதல் முறை. அங்கே பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற நால்வருள் ஒருவர் ஸ்தனிஸ்லாவ் ஸ்மிர்னோவ் என்னும் ருஷ்யர். 2001-இல் அவர் நிரூபித்த உண்மையொன்றைக் கணிதப் பயிற்சி மிகுதியும் இல்லாத நாமும் ஒருவாறு உணரலாம்.

சமபக்க முக்கோண வடிவில் ஒரு தரை. அதன்மேல் தேனடையின் அறைகள்போல் அறுகோணக் கற்கள் இடைவெளியின்றிப் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கல்லுக்கும் நாம் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம். தலை விழுந்தால் கருப்பு, பூ விழுந்தால் வெள்ளை. இடப்பக்க ஓரத்தினின்று புறப்படும் எறும்பொன்று, கருங்கற்களையே மிதித்துச் சென்று, வலப்பக்க ஓரத்தின் கீழ்மூலையையொட்டிய மூன்றிலொரு பகுதியை எட்டுமா? கற்கள் மிக நுண்ணியவாயின், எட்டுவதற்குரிய நிகழ்தகவு சரியாக மூன்றில் ஒன்று. பகுதி பாதியாயின் விடையும் பாதி. ஓரத்தின் நீளமே விடையாகிவிடுகிறது!

நாணயம் நேர்மையானதாய் இருத்தல் வேண்டும். அது கருப்பின்பால் இம்மி சாய்ந்தாலும், கற்கள் நுணுக நுணுகப் பாதை உறுதியாகிவிடும். வெள்ளையின்பால் சாய்ந்தால் பாதையே இராது. சரிபாதி என்னும் அந்த விளிம்பில்தான் விந்தை நிகழ்கிறது.

விடையை முதலில் கூறியவர் ஆங்கிலப் பௌதிக அறிஞர் ஜான் கார்டி, ஆண்டு 1992. தரையின் உருவத்தை எவ்வளவு வளைத்தாலும், சிறு கோணங்கள் பிழைபடாதிருப்பின் நிகழ்தகவும் மாறாது என்பது அவர் கொண்ட அடிப்படை. மெர்க்காட்டர் முறையில் வரைந்த உலகப் படத்தை நினைவுகூர்வோம். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகப் பெருத்துத் தோன்றும். ஆயினும் இரு கோடுகள் வெட்டும் கோணம் மெய்யான கோணமே. கார்டியின் சூத்திரம் செவ்வகத்தில் மிகக் கடினமானது. அதுவே சமபக்க முக்கோணத்தில் நாம் மேலே கண்டவாறு எளிதாகிவிடுமென்று கண்டுரைத்தவர் ஸ்வீடன் நாட்டுக் கணித மேதை கார்லஸன்.

ஆனால் கார்டி கூறியது பௌதிகத்தின் துணிபு, நிரூபணமன்று. கணிப்பொறிச் சோதனைகள் அதற்குச் சான்று பகர்ந்தன. சான்று ஆயிரம் இருப்பினும் கணிதம் அதனை ஏற்பதில்லை. அப்பிடிவாதத்தை நாம் குறை கூறவும் இயலாது. ஸ்மிர்னோவ் அளித்ததே முழு நிரூபணம்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. சதுரக் கண்களையுடைய வலையில் ஒவ்வோர் இழையையும் நாணயம் சுண்டி அறுப்பதோ விடுவதோ செய்தாலும் சோதனையில் அதே விடை வருகிறது. ஸ்மிர்னோவின் வழியோ அறுகோணத்தின் தனியமைப்பைப் பற்றி நிற்பதாதலின் அங்கே செல்லாது. அவ்வலையைச் சுழற்றினாலும் நிகழ்தகவு மாறாது என்னும் ஒரு பகுதிக்கு மட்டும் 2020-இல் அறிஞர் சிலர் நிரூபணம் வெளியிட்டனர்.