ஆண்மை ஊசி: மருந்தும் கதையாடலும்

‘ஆம்பளைத்தனம் குறைஞ்சுபோச்சா, ஊசி போட்டுக்கோ’ என்கிற குரல் புதிதல்ல. 1889இல் பிரௌன்-செக்கார் தமது 72ஆம் வயதில் நாய், கினிப்பன்றி விதைகளின் சாற்றைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, பலம் திரும்பியதாகப் பாரிசில் அறிவித்தார். நீரில் எடுத்த அச்சாற்றில் ஹார்மோன் வேலை செய்யும் அளவில் இருந்திருக்க வழியில்லை. டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டதும் ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டதும் 1935இல்தான்.

மருந்தையே மறுப்பது என் நோக்கமல்ல. கிளைன்ஃபெல்டர் நிலையோடு பிறந்து சுரப்பு குறைந்தவர்கள், பிட்யூட்டரி பழுதானவர்கள், விதைகளை இழந்தவர்கள் ஆகியோருக்கு இது பாலியல் விருப்பத்தையும் எலும்பின் அடர்த்தியையும் மீட்டுத் தருகிறது. பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்களுக்கோ, தம் உடலைத் தாமே வரையறுத்துக்கொள்ளும் வழி.

முதுமையையே நோயாக்கி விற்கும்போதுதான் சிக்கல். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் விதைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளை அடங்கிவிடுகிறது. விந்தணு உற்பத்தி சரிகிறது. ‘ஆண்மை’க்காகப் போட்ட ஊசி பிள்ளைப்பேற்றையே தடுத்துவிடலாம். சிவப்பணு பெருகி ரத்தம் தடிக்கலாம். இதயநோயோ அதற்கான அபாயமோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023இல் வெளியான டிராவெர்ஸ் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்த அடைப்பும் கூடின.

எனவே கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது: குறைவது ஹார்மோனா, ‘ஆம்பளை’ என்கிற பிம்பமா? ஹார்மோன் என்றால், அறிகுறிகளோடு வெவ்வேறு நாள் காலையில் ரெண்டு தடவை ரத்தம் சோதிச்சாத் தெரிந்துவிடும். பிம்பம் என்றால், வீட்டிலும் வேலையிடத்திலும் நாம் கட்டிக்காக்கும் ஆண்-பெண் அதிகார உறவில்தான் தேடணும்.