கழுகுகளை எண்ணுவோர்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாப் பக்கம் செல்லும் தமிழன்பர்கள், வெயில் ஏறியபின் தௌலதார் மலைச்சரிவைச் சற்றே அண்ணாந்து பார்த்தால் அரிய காட்சியொன்றைக் காணலாம். சிறகசைக்காமலே கழுகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும். அவற்றுள் மிகப் பல ஸ்டெப்பிக் கழுகுகள். மங்கோலியா, கஜகஸ்தான் முதலிய நாடுகளின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, குளிருக்கு அஞ்சிப் புறப்பட்டவை.

தெற்கே வரவேண்டியவை மேற்கே செல்வானேன்? கனத்த உடலுடைய பறவை நெடுந்தொலைவு சிறகடித்துப் பறக்க இயலாது. வெயிலில் சூடேறிய சரிவிலிருந்து எழும் காற்றும், மலையில் மோதி மேலேறும் காற்றுமே அதனைத் தாங்குகின்றன. ஆகவே மலைத்தொடரையே அது தன் நெடுஞ்சாலையாகக் கொள்கிறது. பரந்த வானில் சிதறிச் செல்லாமல் ஒரே வழியாக வருவதனால் எண்ணுவதும் எளிதாகிறது.

எண்ணுவோர் நல்ல காட்சியுள்ள மேட்டில் இருநோக்கியுடன் நாள் முழுதும் அமர்ந்திருப்பர். மணிதோறும் பறவையின் இனம், தொகை, காற்று, மேகம் ஆகியவற்றைக் குறிப்பர். வட்டமிடுவதை எண்ணார், கடந்து சென்றதையே எண்ணுவர். இளம் பறவையா, முதிர்ந்ததா என்பதையும் எழுதுவர். இளம் ஸ்டெப்பிக் கழுகின் சிறகடியில் வெண்பட்டை தெரியும்.

வயதைக் குறிப்பதால் பயன் என்ன? அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஹாக் மலையில் ஒருகாலத்தில் பருந்துகளைச் சுட்டு வீழ்த்துவது பொழுதுபோக்காக இருந்தது. 1934-இல் ரோசலி எட்ஜ் என்னும் அம்மையார் அம்மலையைக் குத்தகைக்கு எடுத்து அதனைத் தடுத்தார். பின்னர் அங்கே கணக்கெடுப்புத் தொடங்கிற்று. 1935 முதல் 1939 வரை கடந்துசென்ற வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20 மட்டுமே. 1957-இல் முதிர்ந்த பறவை 32-க்கு இளம் பறவை ஒன்றே! ரேச்சல் கார்சன் 1962-இல் தமது நூலில் இக்கணக்கை எடுத்துக் காட்டினார். டி.டி.டி. மருந்தால் முட்டையோடு மெலிந்து உடைந்ததே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1972-இல் அந்நாடு அம்மருந்தின் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. கழுகுகள் மீண்டும் பெருகின.

நம் மலைவழியே வரும் ஸ்டெப்பிக் கழுகு 2015-இல் அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. இராஜஸ்தானில் பிகானீர் அருகே மாட்டுப் பிணங்கள் குவியும் ஜோர்பீரில் அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த டைகுளோஃபினாக் மருந்தைக் கால்நடைகளுக்கு வழங்க 2006-இல் தடை வந்தது. ஆயினும் 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று, இராஜஸ்தானில் இறந்த இரு ஸ்டெப்பிக் கழுகுகளின் உடலிலும் அம்மருந்து இருந்ததைக் காட்டிற்று.

இத்தகைய இழப்பை ஒரு நாள் பார்வை காட்டாது. ஆண்டுதோறும் ஒரே மேட்டிலிருந்து எடுக்கும் கணக்கே காட்டும். ஆகவே, வடபுலத்தில் வாழும் நாம் கழுகுக் கூட்டம் கண்டால் நாள், நேரம், திசை, தொகை ஆகியவற்றைக் குறித்து அங்குள்ள பறவை ஆர்வலரிடம் சேர்ப்போமாக. மாடு வளர்க்கும் அண்டைவீட்டாரிடம் அம்மருந்தின் தீங்கையும் எடுத்துச் சொல்வோமாக.