தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? உங்க செல்லத்தோட இதயம் நல்லா இருக்கான்னு வீட்டிலேயே கவனிக்கலாம்!

கேரியரைப் பரணிலிருந்து இறக்குற சத்தம் கேட்டாலே போதும், பூனை கட்டிலுக்கு அடியில் போய் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நாய் வேற மாதிரி. கிளினிக் இருக்கிற தெருமுனை வரைக்கும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். அந்த மருந்து வாசனை மூக்கில் ஏறியதும் நாலு காலையும் ஊன்றி நின்றுவிடும். இழுத்து, தூக்கி, கீறல் வாங்கி, வியர்த்து விறுவிறுத்து வீடு திரும்பின பிறகு நமக்கே தோன்றும், ``அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். நல்லாத்தானே சாப்பிடுது?"

இந்த `நல்லாத்தானே இருக்கு'வில்தான் சிக்கல். நாய், பூனைகளின் இதய நோய் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் வளரும். நோய் தொடங்கி அறிகுறி வெளியே தெரிவதற்குள் மாதங்கள், சில சமயம் வருடங்களே ஓடிவிடும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க இருக்கிற எளிய வழி, ஒரு மருத்துவர் அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதுதான். பயத்தால் நாம் தள்ளிப்போடுவது அந்த வாய்ப்பைத்தான். அதனால் இதயத்தையும் கிளினிக் பயத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

நமக்கு வர்ற மாரடைப்பு இல்லை, இது வேற!

மனிதர்களுக்கு ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பு வருகிறது. நாய், பூனைகளுக்கு அது ரொம்ப அபூர்வம். அவற்றுக்கு வரும் பிரச்னைகளே வேறு.

நாய்களில் அதிகம் பார்ப்பது வால்வு பிரச்னை. இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு வயதாக ஆக தடித்து, சரியாக மூடாமல் போகும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னாடி கசியும். அந்தக் கசிவின் சத்தத்தைத்தான் மருத்துவர்கள் `மர்மர்' என்கிறார்கள். பொமரேனியன், டாஷ்ஹண்ட், சிவாவா மாதிரியான சின்ன உருவ நாய்களுக்கு வயதான காலத்தில் இது அதிகம் வரும். டாபர்மேன், கிரேட் டேன் மாதிரி பெரிய நாய்களுக்கு இதயத் தசை மெலிந்து, இதயம் பலூன் போல விரியும் பிரச்னை வரலாம்.

பூனைகளில் கதை தலைகீழ். இதயத் தசை தடித்துப்போய், உள்ளே ரத்தம் நிரம்ப இடம் குறைந்துவிடும். சுமார் ஏழு பூனைகளில் ஒன்றுக்கு இந்தத் தடிப்பு இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் கணிப்பு. மெய்ன் கூன், ராக்டால் இனங்களில் இதற்கான மரபணு மாற்றமே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதுக்காக, `நம்மது நாட்டுப் பூனைதானே' என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாதாரண வீட்டுப் பூனைகளுக்கும் இது வரும். சில பூனைகளுக்கு மர்மர் சத்தம்கூட இருக்காது. எக்கோ எடுத்தால்தான் தெரியும்.

சீக்கிரம் கண்டுபிடிச்சா என்ன லாபம்? 2016-ல் வெளியான `எபிக்' என்ற ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. வால்வு கசிவால் இதயம் பெரிதாகியிருந்தும், இன்னும் அறிகுறியே வராத நாய்களுக்கு பிமோபெண்டன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் செயலிழக்கும் நிலை சராசரியாக 15 மாதங்கள் தள்ளிப்போனது. ஒரு நாயின் ஆயுளில் 15 மாதம் என்பது ரொம்பப் பெருசு.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட்... செலவு 0 ரூபாய்

உங்க நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்க. போனில் 30 விநாடி டைமர் வைங்க. நெஞ்சு ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடியில் வரும் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கினால் ஒரு நிமிஷத்துக்கான கணக்கு வந்துவிடும். அது 30-க்குள் இருக்க வேண்டும்.

சில விஷயங்களை கவனிங்க. வெயிலில் சுற்றிவிட்டு வந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இளைக்கும்போது எண்ணாதீங்க. பூனை `குர்ர்ர்' என்று உறுமும்போதும் கணக்கு தப்பும். கனவில் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் விட்டுப் பிடிங்க. ஒரு வாரம் தினமும் எண்ணி போன் நோட்ஸில் குறித்து வைத்தால், அதன் வழக்கமான அளவு என்ன என்பது தெரிந்துவிடும். பிறகு வாரம் ஒருமுறை போதும். ஏற்கெனவே இதய நோய் இருக்கிற செல்லம் என்றால் தினமும் எண்ணணும்.

ஒருமுறை 30-ஐத் தாண்டினால் பதற வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணுங்க. திரும்பத் திரும்ப 30-க்கு மேலேயே இருந்தால் அன்றைக்கே மருத்துவருக்கு போன் போடணும். நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்தால், பெரும்பாலும் இருமலுக்கும் இளைப்புக்கும் முன்னாடி இந்த எண்ணிக்கைதான் ஏறும்.

இதெல்லாம் தெரிந்தால் தள்ளிப்போடாதீங்க

நாய்: ராத்திரியில் அல்லது படுத்திருக்கும்போது இருமல், வழக்கமான வாக்கிங்கில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவது, மயங்கி விழுந்து எழுவது, சாப்பாடு குறைந்தும் வயிறு மட்டும் உப்புவது.

பூனை: இது பெரிய நடிகன். வலியையும் சோர்வையும் மறைப்பதில் கில்லாடி. விளையாட்டு குறைவது, ஒதுங்கிப் போய் ஒளிந்துகொள்வது, சாப்பாட்டில் ஆர்வம் போவது, இவ்வளவுதான் வெளியே தெரியும். பூனைகளில் இருமல் இதய நோயின் வழக்கமான அறிகுறி இல்லை.

அவசரம்: பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், ஈறுகள் வெளுத்தோ நீலமாகவோ மாறினால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. பூனை திடீரென்று அலறி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தால், `எங்கேயோ விழுந்து அடிபட்டிருக்கும்' என்று நினைத்து எண்ணெய் தடவாதீங்க. இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி பின்னங்கால்களுக்குப் போகும் ரத்தத்தை அடைத்திருக்கலாம். கால் ஜில்லென்று இருப்பது அதற்கான அடையாளம்.

பயம், ரிசல்ட்டையே மாத்திடும்

பயந்த பூனையின் இதயத்துடிப்பு எகிறும். ரத்த அழுத்தம் ஏறும். ரத்தச் சர்க்கரைகூட உயரும். டாக்டர் கோட்டைப் பார்த்ததும் நமக்கு பி.பி ஏறுகிற அதே கதைதான். அந்த நேரத்தில் எடுக்கிற அளவை வைத்து, நோய் இருக்கா இல்லையா என்று முடிவு செய்வது மருத்துவருக்கே கஷ்டம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறலோடு வரும் பூனையை நாலு பேர் அமுக்கிப் பிடித்தால், அந்தப் பதற்றமே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால்தான் இதய நோயாளிப் பூனைகளை முதலில் அமைதியான இடத்தில் வைத்து ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, பிறகுதான் டெஸ்ட்டுகளுக்குப் போகிறார்கள்.

பூனைக்கு: கேரியரை ஃபர்னிச்சர் ஆக்குங்க

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கண்ணில் படுகிற பெட்டி என்றால் பூனை பயப்படத்தான் செய்யும். கேரியரை எப்போதும் ஹாலிலேயே கதவைத் திறந்து வைங்க. உள்ளே அது படுத்துப் பழகிய பழைய துணி, அவ்வப்போது ரெண்டு துண்டு மீன். சில வாரங்களில் அதுவே போய்ப் படுக்க ஆரம்பிக்கும். அப்புறம் கதவை ஒரு நிமிஷம் மூடித் திறங்க. பிறகு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஒரு ரவுண்டு, அப்புறம் தெருவில் ஒரு ரவுண்டு.

வாங்கும்போதே மேல் பாகம் தனியாகக் கழற்ற முடிகிற கேரியராக வாங்குங்க. கிளினிக்கில் பூனையைத் தலைகீழாகக் கொட்ட வேண்டிய அவசியமே இருக்காது. மேல் மூடியை மட்டும் எடுத்தால், அது தன் துணி மேலேயே உட்கார்ந்திருக்க, மருத்துவர் பரிசோதிக்கலாம்.

டூவீலரில் பூனையைக் கையில் அணைத்துக்கொண்டோ, துணிப்பையில் போட்டுக்கொண்டோ போகாதீங்க. ஒரு லாரி ஹாரன் போதும், அது குதித்து ஓடிவிடும். கேரியரோடு ஆட்டோவில் போவது நல்லது. காரில் என்றால் முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்தால் ஆடாது. மேலே மெல்லிய டவலைப் போர்த்துங்க, காற்று போகும்படி.

நாய்க்கு: ஊசி இல்லாத விசிட்

கிளினிக் என்றால் ஊசி என்று நாயின் மனதில் பதிந்திருக்கிறது. அதை மாற்ற, எந்த வேலையும் இல்லாத நாளில் சும்மா ஒருமுறை கூட்டிப் போங்க. எடை மெஷினில் ஏற்றுங்க, பிஸ்கட் கொடுங்க, வந்துடுங்க. மாதம் ஒருமுறை இப்படிப் போய்வந்தால் போதும், தெருமுனைப் போராட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எடை கணக்கும் கையில் இருக்கும். குண்டான நாயின் இதயத்துக்கு வேலை அதிகம் என்பதால் அதுவும் முக்கியம்தான்.

வீட்டிலேயே காது, பாதம், வாய் எல்லாம் தொட்டுப் பழக்குங்க. கடிக்கிற பழக்கம் இருந்தால், மூச்சு வாங்க இடம் இருக்கிற கூடை மாதிரியான வாய்மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். கயிற்றால் வாயைக் கட்டினால் நாயால் இளைக்க முடியாது. சென்னை வெயிலில் அது ஆபத்து.

கிளினிக் நாளில் என்ன பண்ணலாம்?

முன்கூட்டியே போன் பண்ணி, கூட்டம் குறைவான நேரத்தைக் கேளுங்க. டோக்கன் வாங்கிவிட்டு, முறை வரும்வரை வெளியே மரத்தடியில் காத்திருக்கலாமா என்றும் கேட்கலாம். பூனைக் கேரியரைத் தரையில் வைக்காமல் நாற்காலி மேல் வைங்க. தரையில் வைத்தால், வருகிற நாயெல்லாம் மூக்கை நுழைக்கும்.

மருத்துவரிடம் தயங்காமல் சில விஷயங்களைச் சொல்லலாம். ``பி.பி பார்க்கிறதுக்கு முன்னாடி அஞ்சு, பத்து நிமிஷம் அமைதியா உட்காரவெச்சுக்கலாமா?", ``பிடரியைப் பிடிச்சுத் தூக்காம, டவல்ல சுத்திப் பிடிக்கலாமா?" இதெல்லாம் தப்பான கேள்விகள் இல்லை. பிடரியைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று பூனை மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. பூனை `குர்ர்'ரிட்டால் இதயச் சத்தம் கேட்காது. சில மருத்துவர்கள் குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் வரவைத்து அதை நிறுத்துவார்கள். அதைப் பார்த்து ஆச்சர்யப்படாதீங்க!

உங்க போன்தான் இங்கே பெரிய உதவி. ராத்திரி இருமல், மயங்கி விழுந்தது, தூக்கத்தில் வேகமாக மூச்சு வாங்கியது எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைங்க. கிளினிக்கில் அது பயத்தில் இருமவே இருமாது. மூச்சுக் கணக்கையும் சேர்த்துக் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ரொம்பப் பயப்படுகிற செல்லங்களுக்கு, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு கொடுக்க பதற்றம் குறைக்கும் மாத்திரை இருக்கிறது. அதை மருத்துவர் மட்டுமே எழுதித் தரணும், எடைக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற மாதிரி. வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம்.

தட்டில் என்ன இருக்கு?

பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது மீன், இறைச்சியில்தான் இருக்கிறது. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை பலவீனமாகும் என்று 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால் தினமும் தயிர் சாதமும் பாலும் மட்டுமே கொடுத்து வளர்ப்பது பூனைக்கு ஆபத்து. நாய்க்கான உணவைப் பூனைக்குக் கொடுப்பதும் சரிப்படாது.

இதய நோய் இருக்கிற செல்லத்துக்கு கருவாடு, அப்பளம், சிப்ஸ் எல்லாம் கட். உப்பு உடலில் நீரைத் தேக்கும். நீர் வெளியேற மாத்திரை கொடுத்திருந்தால் அடிக்கடி சிறுநீர் போகும். `வீட்டை நனைக்குது' என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்கக் கூடாது. `இப்போ நல்லாயிடுச்சே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

எங்கே போகலாம்?

எக்கோ, இ.சி.ஜி எல்லாம் எல்லா கிளினிக்கிலும் இருக்காது. 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை வளாகங்கள் இருக்கின்றன. உங்க ஊர் மருத்துவர் மர்மர் இருக்கிறது என்றால், எக்கோ எடுக்க எங்கே போகலாம் என்று அவரிடமே கேட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு போங்க. ஏழு, எட்டு வயதைத் தாண்டிய செல்லங்களுக்கு வருஷத்துக்கு இரண்டு செக்கப் நல்லது.

இன்னைக்கு ராத்திரி ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காலடியில் சுருண்டு தூங்குகிற அந்த ஜீவனை ஒரு தடவை பாருங்க. டைமரில் 30 விநாடி வைத்து எண்ணுங்க. வருகிற எண்ணைத் தேதியோடு குறித்து வைங்க. கேரியரைப் பரணிலிருந்து இறக்குற வேலையை நாளைக்குக் காலையில் பார்த்துக்கலாம்.